யாருடைய பணம் வந்தால் ஆராய்ச்சி பிழைக்கும்? துணிகர முதலீட்டின் வகைகள் குறித்து ஒரு விவாதம்

நுண்துளை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறோம். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வுகளின் மேல் பூசும் ஒரு மெல்லிய படலம்தான் எங்கள் சரக்கு. சவ்வின் மேல் நுண்ணுயிரிகள் படிந்து துளைகளை அடைப்பது இந்தத் துறையின் தீராத தொல்லை. எங்கள் பூச்சு அதை வெகுவாகத் தள்ளிப்போடுகிறது. சோதனைக் கலத்தில் பல வாரங்கள் ஓடிய ஒரு துண்டைப் போன மாதம் வெளியே எடுத்தோம். பூசாத பாதி பழுப்பேறி, விரல் வைத்தால் வழுக்கியது. பூசிய பாதியை நகத்தால் சுரண்டியும் ஒன்றும் வரவில்லை. அந்தத் துண்டை இன்னும் என் மேசையில்தான் வைத்திருக்கிறேன்.

பூச்சை இரண்டு ஆண்டுகளில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் எங்கள் உண்மையான கனவு வேறு. சவ்வையே புதிய பொருளில் செய்ய வேண்டும். அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம், கைகூடாமலும் போகலாம்.

இப்போது இரண்டு பேர் பணம் தர முன்வந்திருக்கிறார்கள். ஒன்று, தனித்து இயங்கும் துணிகர முதலீட்டு நிதியம், அதாவது ஆபத்து மிகுந்த இளம் நிறுவனங்களில் பங்கு வாங்கி, பிறகு விற்று லாபம் பார்ப்பவர்கள். இன்னொன்று, இதே துறையில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவு. எங்கள் நிறுவனத்துக்கு இருவரும் சொல்லும் மதிப்பீடு ஏறக்குறைய ஒன்றுதான். எந்தப் பணத்தை வாங்கினால் அந்த இரண்டாவது வேலை உயிரோடு இருக்கும் என்பதுதான் என் கேள்வி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஏழாம் ஆண்டு

நான் பல ஆண்டுகள் ஒரு நிதியத்தில் வேலை பார்த்தவன். மதிப்பீட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியைப் பணம் வாங்குவதற்கு முன்னால் கேட்பவர்கள் குறைவு.

தனி நிதியம் என்பது யாரோ ஒரு பணக்காரரின் சொந்தப் பெட்டி இல்லை. ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றிடம் வாங்கிய பணம் அது. பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குள் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். ஓரிரண்டு ஆண்டு நீட்டிப்பு கிடைக்கலாம். முதல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் புது நிறுவனங்களில் போடுவார்கள். மீதி ஆண்டுகள் அறுவடைக்கு. ஆகவே நிதியத்தின் முதல் ஆண்டில் வருகிற பணமும் ஐந்தாம் ஆண்டில் வருகிற பணமும் ஒரே பணம் அல்ல. முன்னது உங்களுக்கு எட்டு, ஒன்பது ஆண்டுகள் தரும். பின்னது நீங்கள் மூச்சு விடுவதற்குள் விற்கச் சொல்லும்.

இந்தத் தொழில் தொடங்கியபோது இப்படி இல்லை. 1946இல் ஜார்ஜ் டோரியோவும் மற்றவர்களும் தொடங்கிய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் ஒரு பொதுப் பங்கு நிறுவனம். இத்தனை ஆண்டில் கணக்கை முடிக்க வேண்டும் என்ற கெடு அதற்கு இல்லை. 1957இல் கணினி நிறுவனமான டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் 70,000 டாலர் போட்டது. பல ஆண்டுகள் கையில் வைத்திருந்தது. அந்தப் பங்கின் மதிப்பு கோடிக்கணக்கான டாலர்களாக வளர்ந்தது. கெடு வைத்த கூட்டாண்மை முறை பிற்பாடு பரவியது. ஓய்வூதிய நிதிகள் இத்தகைய முதலீட்டில் இறங்கலாம் என்று 1979இல் அமெரிக்க அரசு விதியைத் தெளிவுபடுத்திய பிறகு பணம் வெள்ளமாக வந்தது, கெடுவும் கூடவே வந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் நிதியத்தின் எட்டாம் ஆண்டில், நல்ல பொருள் விற்றுக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தை மூடச் சொல்லி இயக்குநர் குழுவில் வாக்களித்தேன். செலவு குறைந்து கணக்கு அழகாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டே விற்றோம். அந்த ஆய்வுக்கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையை அதன் பிறகு யாரும் எடுத்துச் செய்யவில்லை. அந்த வாக்கை நான் மறக்கவே இல்லை. உங்கள் நிதியத்திடம் முதலில் கேளுங்கள்: இது உங்கள் நிதியத்துக்கு எத்தனையாவது ஆண்டு?

---

நூலகவாசி

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறேன். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதைப் பார்ப்போம்.

துணிகர முதலீடு புத்தாக்கத்தைக் கூட்டுகிறதா என்பதற்கு அதிகம் எடுத்தாளப்படும் விடை சாமுவேல் கோர்டம், ஜோஷ் லெர்னர் இருவரும் 2000இல் வெளியிட்டது. 1983 முதல் 1992 வரை அமெரிக்கத் தொழில்துறையின் ஆராய்ச்சிச் செலவோடு ஒப்பிட்டால் துணிகர முதலீடு 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் புத்தாக்கங்களில் ஏறக்குறைய 8 சதவீதம் அதனால் விளைந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

வகைகளுக்கு வந்தால், தாமஸ் செம்மனூர், எலெனா லூட்ஸ்கினா, ஷுவான் தியான் ஆகியோரின் 2014 ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். பெருநிறுவனங்களின் முதலீட்டுப் பிரிவிடம் பணம் வாங்கிய இளம் நிறுவனங்கள், தனி நிதியங்களிடம் மட்டும் வாங்கியவற்றை விட அதிகக் காப்புரிமைகளைப் பெற்றன. இத்தனைக்கும் அவை வயதில் இளையவை, லாபம் குறைந்தவை, ஆபத்து மிகுந்தவை. இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். தாய் நிறுவனத்துக்கு அந்தத் தொழில்நுட்பம் புரிகிறது. தோல்வியையும் அது கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது.

இந்தப் பொறுமைக்குத் தனியாகவே ஓர் ஆய்வு உண்டு. தோல்வியுறும் நிறுவனத்தை உடனே கைகழுவாமல் இன்னும் சில காலம் தாங்கிப் பிடிக்கும் முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் பெற்றவை, பங்குச் சந்தைக்கு வந்த பிறகும் கூடுதலான புத்தாக்கத்தைக் காட்டுகின்றன. அந்தக் குணம் நிறுவனத்தில் தங்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை: இவை பெரும்பாலும் காப்புரிமைகளை எண்ணுகின்றன. காப்புரிமை எடுக்காமல் பட்டறைக்குள் இருக்கும் கைத்திறனை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

---

பூட்டிய கதவு

> தாய் நிறுவனத்துக்கு அந்தத் தொழில்நுட்பம் புரிகிறது.

புரிகிறது என்பதுதான் சிக்கல். நான் பட்டதைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

நாங்கள் தொழிற்சாலைக் குழாய்களின் அரிப்பைக் கண்டறியும் ஒரு கருவி செய்தோம். துறையின் பெரிய நிறுவனம் ஒன்று முதலீடு செய்தது. முதல் ஆண்டு பொற்காலம். அவர்களுடைய சோதனைக் கூடத்தில், நாங்கள் வாழ்நாளில் வாங்க முடியாத கருவிகளில், எங்கள் மாதிரிகளைச் சோதித்தார்கள். எங்கள் பொறியாளர் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பிழையை அவர்களின் மூத்த உலோகவியலாளர் ஒரே பிற்பகலில் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பிறகுதான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்கள் பேசத் தொடங்கின. எங்கள் நிறுவனத்தை யார் வாங்க வந்தாலும் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும் என்ற உரிமை. இயக்குநர் குழுவில் பார்வையாளர் இருக்கை. இரண்டையும் நாங்கள் சாதாரணமாக நினைத்துக் கையெழுத்திட்டிருந்தோம். அவர்களின் போட்டியாளர்கள் மூவர் எங்களிடம் வாங்குவதாக இருந்தார்கள். முதலீட்டாளர் யார் என்று தெரிந்ததும் தங்கள் குழாய்களின் தரவைத் தர மறுத்துவிட்டார்கள். தரவு இல்லாமல் எங்கள் கருவி கற்றுக்கொள்ள முடியாது. ஆக, ஒரே வாடிக்கையாளரின் ஒரே வகைக் குழாய்க்கான கருவியாக அது சுருங்கியது.

மூன்றாம் ஆண்டில் அங்கே தலைமை மாறியது. எங்களை ஆதரித்த பிரிவையே கலைத்துவிட்டார்கள். எங்கள் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத ஆள் இல்லை. தனி நிதியத்துக்கு 10 ஆண்டுக் கெடு உண்டு என்கிறார் ஏழாம் ஆண்டு. பெருநிறுவனப் பணத்துக்குக் காகிதத்தில் கெடு இல்லை. ஆனால் ஒரு தலைவரின் பதவிக் காலம்தான் அதன் உண்மையான ஆயுள்.

---

நூலகவாசி

பூட்டிய கதவு சொல்வதற்கும் நான் சொன்னதற்கும் முரண் இல்லை. அந்த ஆய்வுகள் பேசுவது சராசரியை. இந்தத் துறையில் பெரிய மீனுடன் நீந்துவது பற்றித் தனியாகவே ஆய்வுகள் உண்டு. பெரிய நிறுவனத்திடம் மட்டுமே உள்ள வளம் கட்டாயம் தேவைப்படும்போதும், தன் ரகசியத்தைக் காத்துக்கொள்ளும் வழி கையில் இருக்கும்போதும்தான் இளம் நிறுவனங்கள் இந்த உறவுக்குப் போகின்றன. காப்புரிமைப் பாதுகாப்பு பலமாக உள்ள துறைகளில் இது நன்றாக நடக்கிறது. பலவீனமான துறைகளில், ஒரே தொழிலில் உள்ள இருவரும் சேர்வதே அரிதாகிறது.

ஆகவே நுண்துளைக்கு என் கேள்வி: புதிய சவ்வுக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிட்டீர்களா?

---

நுண்துளை

பூச்சுக்குப் போட்டிருக்கிறோம். சவ்வுக்கு இன்னும் இல்லை. எங்களிடம் இருப்பது இரண்டு ஆய்வுக் குறிப்பேடுகளும் ஒரு செய்முறையும்தான். பூட்டிய கதவு எழுதியதைப் படித்த பிறகு அந்தக் குறிப்பேடுகளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

---

ஈரவிதை

உயிரித் தொழில்நுட்பத்தில் இருக்கிறேன். ஏழெட்டு ஆண்டு வேலையைப் பத்து ஆண்டு நிதியத்தால் தாங்கவே முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் துறையே அப்படித்தான் பிறந்தது.

1976இல் கிளைனர் பெர்கின்ஸ் என்ற துணிகர முதலீட்டு நிறுவனத்திலிருந்து வெளியே வந்த ராபர்ட் ஸ்வான்சனும் உயிர்வேதியியலாளர் ஹெர்பர்ட் போயரும் ஜெனென்டெக்கைத் தொடங்கினார்கள். பாக்டீரியாவை மனித ஹார்மோன் செய்யவைக்க முடியும் என்று அன்று பலர் நம்பவில்லை. ஸ்வான்சன் கேட்டது பெரிய தொகை. சொந்த ஆய்வுக்கூடம் கட்ட வேண்டும் என்றார். கிளைனர் பெர்கின்ஸின் டாம் பெர்கின்ஸ் முழுத் தொகையையும் தரவில்லை. ஆய்வுக்கூடம் கட்டாமல், ஏற்கெனவே கருவியும் ஆளும் உள்ள இடங்களுக்கு வேலையை ஒப்பந்தமாகக் கொடுத்து, இது நடக்குமா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் முதலில் விடை காணச் சொன்னார். முதல் தவணை 1,00,000 டாலர்.

எதை முதலில் செய்தார்கள் என்று பாருங்கள். இன்சுலின் அல்ல. அதைவிட மிகச் சிறிய மூலக்கூறான சோமாடோஸ்டாட்டின். சந்தையில் பெரிய விலை போகாத பொருள், ஆனால் வழி சரியா என்று காட்டப் போதுமானது. 1977இல் அது நடந்தது. 1978இல் மனித இன்சுலின். மருந்து நிறுவனமான எலி லில்லி உரிமம் வாங்கியது. 1980இல் பங்கு வெளியீடு. 35 டாலருக்கு விற்ற பங்கு ஒரு மணி நேரத்துக்குள் 88ஐத் தொட்டது. அந்த இன்சுலின் ஒப்புதல் பெற்றதோ 1982இல்.

இங்கே நான் கவனிப்பது ஒன்றைத்தான். மருந்து விற்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை விற்கும் வழி திறந்துவிட்டது. உங்கள் வேலை முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்பதை விட, நடுவழியில் அடுத்தவர் நம்பி வாங்கக்கூடிய ஒரு சான்றைக் காட்ட முடியுமா என்பதே தனி நிதியத்துக்குக் கணக்கு. உங்கள் சவ்வுக்குச் சோமாடோஸ்டாட்டின் எது என்று யோசியுங்கள்.

---

சூளைக்காரர்

மருந்துத் துறையின் கதையை எல்லாத் துறைக்கும் பொருத்தாதீர்கள், ஈரவிதை. மருந்தில் சோதனைக் கட்டங்களுக்குப் பெயர் உண்டு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வாங்கக் காத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் உண்டு. ஆற்றல், தண்ணீர், புதிய பொருள்கள் ஆகியவற்றில் அப்படி யார் காத்திருக்கிறார்கள்? ஆய்வகத்தில் நடந்தது ஆலையில் நடக்குமா என்று பார்க்கவே ஓர் ஆலை கட்ட வேண்டும். அந்தச் செலவை ஏற்க யாரும் இல்லை.

2006 முதல் 2011 வரை தூய ஆற்றல் நிறுவனங்களில் துணிகர முதலீட்டாளர்கள் 2,500 கோடி டாலருக்கு மேல் போட்டு, அதில் பாதிக்கு மேல் இழந்தார்கள். அதிகம் அடிபட்டவை புதிய பொருள்களையும் வேதியியலையும் நம்பியவை. மென்பொருளுக்குப் பொருத்தமான கடிகாரத்தைச் சூளைக்கு மாட்டியதன் விளைவு அது. அதன் பிறகு முதலீட்டாளர்கள் என்ன செய்தார்கள்? மென்பொருளுக்கே திரும்பிப் போனார்கள். 2006க்குப் பின் சேவையகங்களை வாடகைக்கு எடுக்க முடிந்ததால், மென்பொருள் நிறுவனம் தொடங்கும் செலவு சரிந்திருந்தது. சிறு தொகைகளைப் பலருக்குத் தூவிவிட்டு, முளைப்பதை மட்டும் பார்க்கும் பழக்கம் வளர்ந்தது. சூளையில் வேகும் யோசனைகளுக்கு அந்தத் தூவலில் இடமில்லை. எந்த யோசனை நல்லது என்பதை உலகம் தீர்மானிக்கிறது என்கிறோம். பாதியை நிதியத்தின் ஒப்பந்தக் காகிதமே தீர்மானித்துவிடுகிறது.

2016இல் தொடங்கிய பிரேக்த்ரூ எனர்ஜி வென்ச்சர்ஸ் என்ற தூய ஆற்றல் நிதியம் தன் கெடுவை 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டது இந்தப் பாடத்தைக் கற்ற பிறகுதான். குடும்பச் செல்வமும் இப்படிப் பொறுத்திருக்க முடியும். பயோஎன்டெக் 2008இல் தொடங்கியபோது ஸ்ட்ருங்மன் சகோதரர்களின் பணம் அதற்குக் கிடைத்தது. பங்குச் சந்தைக்கு 2019இல்தான் வந்தது. கொரோனா தடுப்பூசியால் உலகம் அதன் பெயரை அறிந்தது 2020இல். பத்து ஆண்டுக் கெடு வைத்திருந்தவர் நடுவில் என்ன செய்திருப்பார்?

---

ஏழாம் ஆண்டு

சூளைக்காரர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பொறுமையான பணம் எப்போதும் நல்லது என்பதை ஏற்க மாட்டேன். கேள்வி கேட்காத குடும்பப் பணத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஓர் ஆய்வுக்கூடத்தை எனக்குத் தெரியும். ஆறாம் ஆண்டிலேயே அந்த வழி மூடிவிட்டது என்பது உள்ளே எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. நல்ல மூளைகள் அங்கே வயதாகின.

முதலீட்டாளர் அடிக்கடி வந்து பார்ப்பதால் நன்மை உண்டு என்பதற்கு ஓர் அழகான ஆய்வு இருக்கிறது. முதலீட்டாளரின் ஊருக்கும் நிறுவனத்தின் ஊருக்கும் இடையே புதிதாக நேரடி விமானம் விட்ட இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். பயண நேரம் குறைந்த பிறகு, அதே முதலீட்டாளரின் அதே நிறுவனத்தில் காப்புரிமைகள் கூடின. நேரில் வந்து உட்கார்ந்து கேட்கும் ஆளுக்கு அந்த மதிப்பு உண்டு.

---

நுண்துளை

அரசுப் பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்களுக்கு ஒரு மானியத்துக்கும் அரசு நிதியத்துக்கும் விண்ணப்பிக்க வாய்ப்பு இருக்கிறது.

---

நூலகவாசி

இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

மானியம் பங்கு கேட்காது. அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டத்தில், எரிசக்தித் துறை கொடுத்த முதல்கட்ட மானியங்களைச் சப்ரினா ஹோவெல் ஆராய்ந்தார். மயிரிழையில் பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார். தொகை 1,50,000 டாலர்தான். பெற்றவர்களுக்குப் பின்னால் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. காரணம் அரசின் முத்திரை அல்ல என்பது அவருடைய முடிவு. அந்தப் பணத்தில் முன்மாதிரியைச் செய்து காட்ட முடிந்தது, அதனால் ஐயம் தீர்ந்தது. ஈரவிதை கேட்ட சோமாடோஸ்டாட்டினைச் செய்யத் தோதான பணம் இதுதான்.

பங்கு வாங்கும் அரசு நிதியம் வேறு கதை. ஐரோப்பாவின் இளம் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களை ஆராய்ந்த பெர்டோனி, டிக்வோவா இருவரும், அரசு நிதியம் தனியாக வந்தால் புத்தாக்கத்தில் மாற்றம் தெரியவில்லை, தனி நிதியத்தோடு சேர்ந்து வந்தால் அதன் பலனைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். இஸ்ரேல் 1993இல் 10 கோடி டாலரோடு தொடங்கிய யோஸ்மா என்ற அரசுத் திட்டம் இதை முன்பே உணர்ந்தது போல அமைந்திருந்தது. அரசு பெரும்பாலும் நேரடியாக நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்காமல், பத்துத் தனி நிதியங்களில் சிறுபான்மைப் பங்காகச் சேர்ந்தது. நன்றாக நடந்தால் அரசின் பங்கை முன்பே பேசிய விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தனியாருக்குக் கொடுத்தது. நஷ்டத்தைப் பகிர்ந்தது, லாபத்தை விட்டுக்கொடுத்தது.

---

பூட்டிய கதவு

மானியத்தில் ஒரு விஷயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. நால்வர் உள்ள நிறுவனத்தில் ஒருவரின் பாதி நேரம் அதற்கே போகும். அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும், மறுபடி தொடங்கினால் நான் முதலில் அங்கேதான் போவேன்.

---

நுண்துளை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் கேள்விகளையெல்லாம் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

தனி நிதியத்திடம் எத்தனையாவது ஆண்டு என்று கேட்டேன். இரண்டாம் ஆண்டு. இதற்கு முன் மூடிய நிறுவனங்களின் நிறுவனர்கள் இருவரிடம் பேச வேண்டும் என்றேன். சற்றுத் தயங்கி எண்களைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர், தன் நிறுவனம் தோற்ற பிறகும் அதே நிதியம் தன் அடுத்த முயற்சிக்குப் பணம் தந்தது என்றார். அது என்னை மிகவும் அசைத்தது.

பெரிய நிறுவனத்திடம், எங்களுக்கு வேண்டியது உங்கள் பங்குப் பணம் அல்ல, உங்கள் ஆலையில் ஒரு வரிசைச் சவ்வுகள் என்று நேராகச் சொன்னேன். கோபப்படுவார்கள் என்று பயந்தேன். அவர்களின் தலைமைப் பொறியாளர் சிரித்துவிட்டு, தன் வேலையும் சுலபமாகிறது என்றார். கட்டணம் கொடுத்துப் பூச்சைச் சோதிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சவ்வைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

சவ்வுக்கு மானியம். முழு அளவுத் தகடு வேண்டாம், உள்ளங்கை அளவுத் துண்டு. உப்பு நீரில் அல்ல, முதலில் ஒரே ஒரு வகைக் கழிவு நீரில். அதுதான் எங்கள் சோமாடோஸ்டாட்டின். காப்புரிமை விண்ணப்பமும் போய்விட்டது.

தனி நிதியத்தோடு ஒப்பந்தம் இந்த வாரம். சவ்வு ஆராய்ச்சிக்கென ஒதுக்கும் தொகையைப் பற்றி இப்படி ஒரு வரி கேட்டு வாங்கியிருக்கிறோம்: "முதல் நான்கு ஆண்டுகளில் இத்தொகையை நிறுவனர்களுடன் ஆலோசித்த பின்னரே இயக்குநர் குழு குறைக்கலாம்." ஏழாம் ஆண்டு ஐயா, இது போதுமா?

---

ஏழாம் ஆண்டு

போதாது. நானும் அந்த ஆய்வுக்கூடத்தை மூடும் முன் நிறுவனர்களுடன் ஆலோசித்தேன். ஒரு மணி நேரம் ஆலோசித்தேன். "ஆலோசித்த பின்னரே" என்பதை அடித்துவிட்டு "எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் மட்டுமே" என்று போடச் சொல்லுங்கள். மறுத்தால், நான்கு ஆண்டை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் விடாதீர்கள்.